ஐம்பத்தாறு பலகையும் ஒரு தேங்காயும்

நான் ஒரு எண்ணைச் சொன்னால் அதைப் பாதியாக்கிக் காதில் வாங்குவது எங்கள் வீட்டு வழக்கம். ஆரம்பித்து வைத்தவர் என் வீட்டுக்காரர். கல்யாணமான புதிதில் அவருடைய சிநேகிதர்கள் நாலு பேர் சாப்பிட வருகிறார்கள் என்றார். நாலு பேர் என்றால் வழியில் இன்னும் இரண்டு பேர் ஒட்டிக்கொள்வார்கள், ஒட்டிக்கொண்டு வருகிறவர்கள் நல்ல பசியோடுதான் வருவார்கள் என்று நானாக யோசித்து உலை வைத்தேன். வந்தது மூன்று பேர். அதில் ஒருவருக்கு வயிறு சரியில்லை. மறுநாள் எங்கள் தெருவில் யார் வீட்டிலும் சாம்பார் வைக்கவில்லை.

இன்னொரு முறை கோவளம் கடற்கரைக்குப் போய்ச் சாயங்காலமே திரும்புவதாக ஏற்பாடு. நான் கட்டி எடுத்துப்போன புளிச்சோற்றை நாங்கள் தின்று, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்குக் கொடுத்து, அப்புறமும் மிஞ்சி, மீன் விற்றுக்கொண்டிருந்த பெண்களுக்கும் கொடுத்தோம். அவர்கள் சும்மா விடாமல் பதிலுக்கு ஒரு பை நெத்திலி கொடுத்துவிட்டார்கள். அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்த அந்த ஒரு மணி நேரம் எங்களைச் சுற்றி நல்ல காற்றோட்டமாக இருந்தது. யாரும் பக்கத்தில் நிற்கவில்லை.

அதற்குப் பிறகு மளிகைக் கடைக்காரரிடம்கூட இவர் சொல்லிவைத்துவிட்டார். இரண்டு கிலோ ரவை என்று நான் கேட்டால் கடைக்காரர் ஒரு கிலோவைக் கட்டி, "இது போதும்க்கா, அண்ணன் சொல்லிக்கீறாரு" என்பார். நானும் இதற்கெல்லாம் சண்டை போடுகிறவள் இல்லை. என் பயம் எனக்கே தெரியும். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஜாதி நான். இழுத்துப் பார்த்தபோது பூட்டு லூசாகிவிட்டதோ என்று மறுபடி வருவேன்.

படிப்பு எட்டாவதோடு நின்றது. நான் மிகவும் வருத்தப்பட்டேன் என்று சொல்ல முடியாது. வகுத்தல் கணக்கில் மீதி என்று ஒன்று வரும் இல்லையா, அது எனக்கு ஆகவே ஆகாது. பதினேழு மாம்பழத்தை ஐந்து பேருக்குப் பங்கிட்டால் மீதி இரண்டு என்று டீச்சர் எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவார். அந்த இரண்டு மாம்பழம் என்ன ஆயிற்று, யார் எடுத்துக்கொண்டது, யாருக்கு மனத்தாங்கல் வந்தது என்று நான் அதிலேயே நின்றுவிடுவேன்.

இப்படிப்பட்ட நான் ஒரு வேலிக்கு மரம் கணக்குப் பார்க்க வேண்டி வந்தது.

மேடவாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் குழந்தை பார்த்துக்கொள்ளும் வேலையில் பல வருஷம் இருந்தேன். பயப்படுகிறவளுக்கு ஏற்ற வேலை அது ஒன்றுதான். குழந்தை தும்முவதற்கு முன்னால் துண்டை எடுத்து வைத்திருப்பேன். நான் பார்த்துக்கொண்ட குடும்பம் பெங்களூருக்கு மாறிப்போனபோது, அந்த வீட்டம்மா குடியிருப்பு அம்மாக்களின் வாட்ஸ்அப் குழுவில் என்னைப் பற்றி நல்லவிதமாக எழுதிவிட்டுப் போனார். அந்தத் தைரியத்தில்தான், இனி ஒரு வீட்டுக்குப் போய் ஒரு குழந்தையைப் பார்ப்பதைவிட நம் வீட்டிலேயே நாலைந்து குழந்தைகளை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்ற ஆசை வந்தது. நாலைந்து என்றுதான் சொன்னேன். இவர், "அப்ப ரெண்டு வரும்" என்றார்.

முதலில் பார்க்க வந்தவர் ஓஎம்ஆர் பக்கம் ஏதோ கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் ஓர் அம்மா. இடுப்பில் ஒன்றரை வயதுப் பெண் குழந்தை. வீட்டை அலசிவிட்டார். பாத்ரூம் கதவின் தாழ்ப்பாள், அடுப்பு மேடையின் உயரம், ஜன்னல் கம்பி எல்லாம் பார்த்தார். நான் ஏற்கெனவே எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்ததால் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தார். கடைசியாகப் பக்கவாட்டில் இருந்த மண்தரைக்கு வந்ததும் நின்றுவிட்டார்.

எங்களுடையது வாடகை வீடு. வாசல் சந்துக்குள் இருக்கிறது. பக்கவாட்டில் முப்பது அடி நீளத்துக்கு மண்தரை. ஒரு வேப்பமரம், நல்ல நிழல். அதில்தான் குழந்தைகளை விளையாட விட வேண்டும் என்று நான் நினைத்திருந்தேன். மற்ற மூன்று பக்கமும் சுவர்தான். ஆனால் இந்த முப்பது அடி மட்டும் நேராக ரோட்டைப் பார்த்துத் திறந்து கிடந்தது. அந்த அம்மா நின்ற நேரத்தில்தானா ஒரு தண்ணீர் லாரி வர வேண்டும். வழியெல்லாம் தண்ணீரைச் சிந்திக்கொண்டு, ஹாரன் அடித்துக்கொண்டு, தரை அதிர ஒன்று போனது. அதன் பின்னாலேயே இன்னொன்று.

"அக்கா, உங்க மேல நம்பிக்கை இருக்கு. ஆனா இது ஃபுல்லா ஓப்பனா இருக்கே" என்றார். "ஒரு செகண்ட் திரும்பினா போதும்."

"நான் திரும்பவே மாட்டேங்க."

"நானும் அப்படித்தான் நினைச்சுப்பேன். ஆனா திரும்பிடுவோம்" என்று சொல்லி, குழந்தையை இறுக்கிக்கொண்டார். "சண்டே காலைல மறுபடி வரேன். அதுக்குள்ள இந்தப் பக்கம் ஏதாவது பண்ண முடியுமான்னு பாருங்க. மண்டேல இருந்து எனக்கு ஆபீஸ். இங்க சரிப்படலன்னா நான் வேற இடம்தான் பார்க்கணும். குரூப்புலயும் எல்லாரும் எங்கிட்டதான் கேட்டுட்டிருக்காங்க, எப்படி இருக்குன்னு."

அவர் போன பிறகு விரலை மடக்கிப் பார்த்தேன். இந்த ஒரு குழந்தை வந்தால் பின்னாலேயே மற்றவையும் வரும். இது வராவிட்டால் அந்தக் குழுவில் 'ஓப்பன்' என்ற ஒரு வார்த்தை போதும், என் கதை முடிந்தது.

சுவர் கட்டலாமா என்று ஹவுஸ் ஓனரைக் கேட்டோம். அவர் இந்த ஊர்க்காரர். மேடவாக்கம் வயலாக இருந்த காலத்தில் அவர்கள் வீட்டில் ஏர் ஓட்டியிருக்கிறார்கள். இப்போது வாடகை வாங்குகிறார். ஆனால் நிலம் என்றால் இன்னும் உடம்பு பதறும்.

"செவுரா. இன்னாம்மா நீ, இன்னிக்கு செவுரு எழுப்புவே, நாளைக்கு இது என் எடம்னுவே" என்றார்.

"ஐயோ, நான் அப்படிச் சொல்வேனாண்ணா."

"நீ சொல்ல மாட்டே. உன் மூஞ்சப் பாத்தா தெரியுது. ஆனா செவுரு சொல்லும். செமெண்டே கூடாது. நீ காலி பண்ணிக்கினு போம்போது புடுங்கிக்கினு போற மாதிரி எதுனா போட்டுக்கோ."

இவர்தான் மர வேலி யோசனையைச் சொன்னார். இவர் ஓட்டுவது குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி. ஒரகடம் கம்பெனிகளில் வெளிநாட்டு மெஷின்கள் மரப்பெட்டிகளில் வந்து இறங்கும். மெஷினை எடுத்துக்கொண்ட பிறகு பெட்டியைப் பிரித்து விற்றுவிடுவார்கள். அந்தப் பலகைகளைப் படப்பையில் ஒரு மரக்கடைக்கு இவர் ஏற்றிக்கொண்டு போய் இறக்குவது வழக்கம். "செவுரு மாதிரி கெட்டியா இருக்கும்மே. ஓனரும் வாயத் தொறக்க மாட்டான்" என்றார்.

பலகையைக் கண்ணால் பார்க்காமல் என்னால் கணக்குப் போட முடியாது. அதனால் நானும் வண்டியில் ஏறிக்கொண்டேன். ஏறும்போது கையில் ஒரு தேங்காய்.

"கோயிலுக்குப் போறமா?" என்றார்.

"தலை."

"இன்னாது?"

குழந்தைகள் இருக்கிற இடத்தில் வேலி போட்டால் இரண்டு பலகைக்கு நடுவே தலையை விட்டுக்கொள்ளும். உள்ளே போகிற தலை வெளியே வராது. அப்புறம் தீயணைப்பு வண்டி வரும், தெருவே கூடும், வாட்ஸ்அப்பில் போட்டோ போகும். ஆகவே பலகைக்கும் பலகைக்கும் நடுவில் தலையைவிடச் சிறிய ஒன்று வந்து முட்டி நிற்க வேண்டும். ஊரில் இருக்கிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் அளக்க முடியாது. கடையிலேயே ஆகச் சின்னத் தேங்காயாகப் பார்த்து, நாரெல்லாம் உரித்து எடுத்துக்கொண்டேன். இதையெல்லாம் இவரிடம் சொல்லி முடிப்பதற்குள் செம்பாக்கம், சேலையூர் தாண்டித் தாம்பரம் மேம்பாலத்தில் ஏறிவிட்டோம். பாலம் இறங்கியதும் இவர், "தேங்கா நுழையாதுன்னா சரி. சாத்துக்குடி மாதிரி தலை இருந்தா?" என்றார். சொல்லியிருக்கக் கூடாது. முடிச்சூர் வரும்வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

மரக்கடைக்காரரை எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். நான் இரண்டு பலகையை நிறுத்தி நடுவில் தேங்காயை வைத்து நகர்த்திக்கொண்டிருந்ததைச் சற்று நேரம் மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, பலகை நல்ல பலகைதான். திருஷ்டி சுத்தணும்னு இல்ல" என்றார்.

நான் விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பார் என்று பார்த்தால், உள்ளே போய் ஒரு ரீப்பரை, அதாவது பலகைகளைச் சேர்த்து அடிக்கிற அந்த நீளமான குறுக்குச் சட்டத்தை எடுத்துவந்து கீழே போட்டு, பலகையைக் குறுக்கே வைத்துக் காட்டினார். "இப்படி மேலே ஒண்ணு கீழே ஒண்ணு ஓடும். பலகைய இதுலதான் அடிக்கணும். நீளம் எவ்வளவு வேணும்?"

பலகைகள் எல்லாம் ஆறடி நீளம். வெட்டித் தரட்டுமா என்று கேட்டார். வேண்டாம், ஆறடியே இருக்கட்டும் என்றேன். லாரித் தண்ணீர் தெறிக்கக் கூடாது, பந்து வெளியே போகக் கூடாது, வெளியிலிருந்து யாரும் எதையும் தூக்கிப் போடக் கூடாது.

"யாரு சேரப் போறாங்க, ஒட்டகச்சிவிங்கியா?" என்றார் இவர்.

"ஒரே பெட்டியில வந்த பலகைங்க இது. எல்லாம் ஒரே அகலம். எத்தனை வேணும்னு சீக்கிரம் சொல்லுங்கக்கா. இந்த மாதிரி லாட்டு நிக்காது, போயிடும்" என்றார் பாய். மாதிரிக்கு ஒரு துண்டுப் பலகையைக் கொடுத்தார்.

திரும்பி வரும்போது வண்டியிலேயே நான் ஒரு முடிவு எடுத்தேன். இந்த முறை ஒன்றுகூட அதிகம் சொல்லக் கூடாது. ஒட்டகச்சிவிங்கி என்று பாய் முன்னால் சொன்னது எனக்கு உறைத்துவிட்டது. எத்தனை வேண்டுமோ அத்தனை. கையோடு ஒன்று, சமயத்துக்கு ஒன்று, உடைந்தால் ஒன்று என்பதெல்லாம் கிடையாது.

ஆனால் எத்தனை வேண்டும் என்பதைக் கண்டுபிடிப்பது எப்படி? முப்பது அடியைப் பலகையாலும் இடைவெளியாலும் வகுக்க வேண்டும். வகுத்தால் மீதி வரும். மீதி வந்தால் எனக்குத் தெரியும் நான் என்ன ஆவேன் என்று. இவர் போனில் தட்டிப் பார்த்து ஒரு எண் சொன்னார். மறுபடி தட்டினார், வேறொரு எண் வந்தது.

காலையில் வாசலில் கோலம் போட உட்கார்ந்தபோது எனக்கு வழி தெரிந்தது. பக்கவாட்டு மண்தரையில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கயிறு கட்டினேன். துண்டுப் பலகையைக் கீழே வைத்து அதன் நடுவில் கோலமாவால் ஒரு புள்ளி. பக்கத்தில் தேங்காய். தேங்காய்க்கு இடம் விட்டு, தலைப் பயத்துக்கு அதில் கொஞ்சம் குறைத்து, மறுபடி பலகை, மறுபடி புள்ளி. எனக்கு வகுத்தல்தான் வராது. புள்ளி வைக்க வரும். நேர்ப்புள்ளியா, ஊடுபுள்ளியா, எத்தனை வரிசை என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வேன்.

பாதியில் ஒரு தண்ணீர் லாரிக்காரர் எதிரில் வந்த வண்டிக்கு வழிவிட மண்தரைக்குள் சக்கரத்தை ஏற்றி, என் புள்ளிகளில் ஒரு பத்துப் பன்னிரண்டை அழித்துவிட்டுப் போனார். இந்த வேலி எதற்கு என்று யாராவது கேட்டால் அந்தச் சக்கரத் தடத்தையே காட்டியிருப்பேன். மறுபடி வைத்தேன். எதிர் வீட்டுப் பெண் மாடியிலிருந்து, "இன்னாக்கா, மார்கழிக்கு இப்பவே ப்ராக்டீஸா?" என்று கேட்டாள். "ஒரே வரிசைல என்ன கோலம் அது, ரயிலா?"

ஐம்பத்தாறு புள்ளி. கயிற்றின் இந்த முனையிலிருந்தும் எண்ணினேன், அந்த முனையிலிருந்தும் எண்ணினேன். ஐம்பத்தாறுதான்.

பலகைக்கு முன்னால் நடுகம்பங்கள் வந்தன. சவுக்குக் கட்டைகள். ஆறடிக்கு ஒன்று நட வேண்டும். முப்பது அடிக்கு எத்தனை என்று கணக்குப் போட்டு இவர் ஐந்தை வாங்கி வந்தார். நான் ஆறு கேட்டிருந்தேன்.

"ஆறஞ்சு முப்பது. எட்டாவது படிச்சவளுக்கு இது தெரியாதா?"

"அஞ்சு இடைவெளிங்க அது. கடைசியில ஒருத்தன் நிக்க வேணாமா?"

"அதான், அதான். ஒண்ணு எக்ஸ்ட்ரா. எனக்குத் தெரியாதா உன்னிய."

நட்டுப் பார்த்தார். குழி தோண்டி, கட்டையை இறக்கி, செங்கல் துண்டுகளைப் போட்டு இடித்து இறுக்கி, ஐந்தாவது கட்டையையும் நட்டுவிட்டு நிமிர்ந்தால், அதற்கப்புறம் ஆறடி வெறுமையாகக் கிடந்தது. சிமெண்ட் போடுகிறோமா என்று பார்க்க வந்திருந்த ஹவுஸ் ஓனர், "கொழந்தைங்களுக்கு கேட்டுக்கு எடம் வுட்டுக்கீறியா?" என்று விசாரித்தார். இவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய் ஆறாவது கட்டையைக் கொண்டுவந்தார்.

அதற்குப் பிறகாவது என் எண்ணுக்கு மரியாதை வரும் என்று நான் நம்பினேன். சனிக்கிழமை காலை அவர் படப்பைக்குக் கிளம்பும்போது, "பலகை ஐம்பத்தாறு. கூடவும் இல்ல, குறையவும் இல்ல" என்று வண்டி ஜன்னலில் நின்று சொன்னேன். "சரிம்மே" என்றார். அந்தச் 'சரிம்மே'யில் இருந்த நிதானத்தை நான் கவனித்திருக்க வேண்டும்.

மத்தியானத்துக்கு முன்பே வந்து ரீப்பர்களையும் பலகைகளையும் இறக்கி, ரீப்பர்களைக் கட்டைகளில் அடித்து முடித்தார். நான் ஆசையோடு ஒவ்வொன்றாக எடுத்துப் புள்ளி மேல் நிறுத்தி, ரீப்பரில் சாய்த்துக்கொண்டே போனேன். பாதித் தூரம்கூடப் போகவில்லை. சரியாகச் சொன்னால் பாதித் தூரம் போயிருந்தேன். பலகை தீர்ந்துவிட்டது.

"மீதி எங்கங்க?"

"இன்னா மீதி?"

"ஐம்பத்தாறு சொன்னேனே."

"ஆமா. இருவத்தெட்டு எத்துகினு வந்தேன்" என்றார், நான் ஏதோ புரியாமல் கேட்கிறேன் என்பதுபோல. கல்யாணமான நாளிலிருந்து செய்துவந்ததைத்தான் செய்திருக்கிறார். அவர் முகத்தில் தப்புச் செய்த அடையாளமே இல்லை.

"இந்தத் தடவ நான் சரியாத்தானே சொன்னேன். புள்ளி வச்சு சொன்னேன்."

"அது எனக்கு எப்படிமே தெரியும்? நீ எப்பவும் சொல்ற மாதிரியேதான் சொன்னே."

நான் பலகைகளை ஒரு புள்ளி விட்டு ஒரு புள்ளியில் நிறுத்திப் பார்த்தேன். வரிசை, பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது. தேங்காயை உருட்டிவிட்டேன். எங்கும் முட்டாமல் ரோட்டுக்குப் போய்விட்டது. அதை எடுக்க நான் போவதற்குள் தெரு நாய் ஒன்று ஒரு பலகைச் சந்து வழியாக உள்ளே வந்து, வேப்பமரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, வேறொரு சந்து வழியாக வெளியே போனது. அதற்கு அவசரமே இல்லை.

பாய்க்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தோம்.

"அந்த லாட்டு அப்பவே போயிடுச்சே தம்பி. நீ கிளம்பினதும் ஒருத்தர் கோழிப் பண்ணைக்குன்னு மொத்தமா அள்ளிட்டுப் போயிட்டாரு. இனிமே அடுத்த வாரம்தான்" என்றார் பாய். "நான்தான் கேட்டனே, முப்பது அடிக்கு இது காணாதேன்னு. அக்கா சொன்னா பாதி போதும்னு நீதானே சொன்ன."

"சரி பாய், சரி பாய்" என்று இவர் போனைக் கையால் மூடினார்.

"அக்கா பக்கத்துல இருக்காங்களா?" என்றது போன். அப்புறம் அதுவாகவே அடங்கிவிட்டது.

மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நாளைக் காலை அந்த அம்மா வருவார். இந்தச் சந்துகளைப் பார்ப்பார். எதுவும் சொல்ல மாட்டார், நல்ல மாதிரி. "பார்த்துச் சொல்றேன்க்கா" என்று குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார். திங்கட்கிழமை அந்தக் குழந்தை வேறெங்கோ இருக்கும். இவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் ஆணிப் பையைத் தேடுகிற மாதிரி அங்குமிங்கும் பார்த்தார். "பழைய சேலை எதுனா கட்டிடலாமா?" என்றார். நான் நாய் போன சந்தைக் காட்டினேன். "தார்ப்பாய்?" என்றார்.

தரையில் உட்கார்ந்தபோதுதான் பலகைகள் எவ்வளவு உயரம் என்பது தெரிந்தது. அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. அந்தக் குழந்தை அன்று வந்தபோது இடுப்பிலிருந்து இறங்கி என் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றாளே, எதுவரை வந்தாள் என்று யோசித்தேன். என் இடுப்புக்குக் கொஞ்சம் கீழே. ஆறடிப் பலகையில் அவளுக்கு மேலே இருக்கிற மரமெல்லாம் யாருக்கு? எனக்குத்தான். என் பயத்தின் உயரம் அது.

"ஏங்க" என்றேன். "எல்லாத்தையும் பாதியாக்குறீங்களே. இதையும் பாதியாக்குங்க."

அவருக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. புரிந்ததும் எழுந்து பக்கத்துத் தெருவில் மர வேலை செய்கிறவரிடம் ரம்பம் வாங்கி வர ஓடினார். ஆறடிப் பலகையை நடுவில் அறுத்தால் மூன்றடியில் இரண்டு. இருபத்தெட்டுப் பலகை ஐம்பத்தாறு ஆகிவிடும். மேல் ரீப்பரை மட்டும் கீழே இறக்கி அடித்தால் போதும். புள்ளிக்கு ஒன்று. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

பாதி அறுத்துக்கொண்டிருக்கும்போது அவருக்கு ஆணி ஞாபகம் வந்தது. "அய்யய்யோ. துண்டு ரெட்டிப்பாச்சுன்னா ஆணியும் ரெட்டிப்பா வேணுமே. நான் வாங்கினது பத்தாதே."

நான் உள்ளே போய் அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துவந்தேன். பலகை விஷயத்தில்தான் நான் வைராக்கியமாக இருந்தேன். ஆணி விஷயத்தில் முடியவில்லை. வியாழக்கிழமையே ஹார்டுவேர் கடைக்குப் போய், அவர் வாங்கிய அளவுக்கு இன்னொரு பங்கு வாங்கி ஒளித்து வைத்திருந்தேன். பொட்டலத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த ஆணிகளை அவர் பாதியாக்கவில்லை.

அறுத்த முனைகளில் சிலாம்பு நீட்டிக்கொண்டிருந்தது. பிஞ்சுக் கையில் ஏறிவிடும். உப்புத்தாளால் நான் தேய்த்துக்கொண்டே வர, அவர் அடித்துக்கொண்டே வந்தார். ஒரு புள்ளி, ஒரு பலகை, நடுவில் தேங்காய். வெயில் தணிந்த நேரத்தில் ஹவுஸ் ஓனர் வந்து நின்றார். கட்டைக் குழிகளைக் காலால் தட்டி சிமெண்ட் இல்லை என்று உறுதி செய்துகொண்டார். அப்புறம் குனிந்து ஒரு பலகையைப் பார்த்தார்.

"இன்னாம்மா இது. கொழந்தைங்க வூட்டுல கிளாஸு படம் போட்டு வெச்சிக்கீறே."

வெளிநாட்டுப் பெட்டிப் பலகை இல்லையா, ஆங்காங்கே கறுப்பு மையில் படங்கள் குத்தியிருந்தன. ஒன்றில் குடை. சிலவற்றில் அம்புக்குறி. அறுத்ததில் ஒரு அம்பு தலைகீழாகப் போயிருந்தது. ஒரு பலகையில் மட்டும் காலுள்ள ஒரு கண்ணாடிக் கோப்பை, சினிமாவில் பணக்கார வில்லன் கையில் வைத்திருப்பாரே, அது அப்படியே.

"பாக்கறவன் இன்னா நெனிப்பான்? உள்ள வேற யாவாரம் நடக்குதுன்னுவான்" என்றார் ஓனர். "மாத்திடு."

அந்தப் படத்தை நான் கவனிக்கவே இல்லை. ஆனால் அடித்த ஆணியைப் பிடுங்கினால் அந்த மெல்லிய மரம் பிளந்துவிடும், பிளந்தால் ஐம்பத்தைந்துதான், மாற்றுப் பலகை ஒன்றுகூட இல்லை. அதிகம் சொல்லாமல் சரியாகச் சொன்னதன் பலன் இது. உப்புத்தாளால் தேய்த்துப் பார்த்தேன். கோப்பை இன்னும் பளிச்சென்று ஆனது.

"வுடுமே, அம்மாக்காரி வேலியப் பாப்பாளா, படத்தப் பாப்பாளா" என்றார் இவர். இருட்டுவதற்குள் கடைசிப் பலகையையும் அடித்து முடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அந்த அம்மா வந்தார். நான் கோப்பைப் பலகைக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். அவர் வேலியின் ஒரு முனையிலிருந்து ஆரம்பித்தார். ஒவ்வொரு பலகையையும் கையால் பிடித்து ஆட்டிப் பார்த்தார். நான் மறைத்து நின்றதைத் தவிர ஒன்றைக்கூட விடவில்லை. கீழே குத்துக்காலிட்டு உட்கார்ந்து இடைவெளியில் தன் கையை முஷ்டியாக்கி நுழைத்துப் பார்த்தார். அறுத்த முனைகளில் விரலை ஓட்டினார். ஆணித் தலை எதுவும் வெளியே நீட்டியிருக்கிறதா என்று தடவினார். முன்பு வந்தபோது எனக்கு அவர் ஒரு கண்டிப்பான அம்மாவாகத் தெரிந்தார். இப்போது பார்க்கப் பார்க்க, பூட்டை இழுத்துப் பார்க்கத் திரும்பி வருகிற இன்னொருத்தியை முதன்முறையாகப் பார்க்கிறேன் என்று தோன்றியது.

"தலை மாட்டிக்காதே?" என்றார்.

நான் தேங்காயை எடுத்துக் காட்டினேன். ஏன் தேங்காய் என்று அவர் கேட்கவே இல்லை. வாங்கி, தானே ஒவ்வொரு சந்திலும் வைத்து அழுத்திப் பார்த்துக்கொண்டு வந்தார். என் வீட்டுக்காரர் வாசல் சந்தின் முனையில் நின்று, 'உன்னை மாதிரி இன்னொண்ணு' என்று கண்ணால் சொன்னார்.

"ஹைட் ரொம்பக் கம்மியோ?" என்றார் அந்த அம்மா.

அதற்குள் குழந்தை இறங்கி உள்ளே போயிருந்தாள். பலகைகளின் மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழேயே அவள் தலை இருந்தது. ரோட்டில் தண்ணீர் லாரி ஒன்று வந்தது. அவள் சந்தில் கண்ணை வைத்து அதைப் பார்த்தாள். அது போகும்வரை பார்த்தாள். பலகையைப் பிடித்துக்கொண்டு அடுத்த லாரிக்காக நின்றாள்.

"வெளியில நின்னாலே நல்லாத் தெரியறா" என்று அந்த அம்மா தனக்கே சொல்லிக்கொண்டார். ஆறடியில் அடித்திருந்தால் அவள் என்ன செய்கிறாள் என்று ரோட்டிலிருந்து யாருக்கும் தெரிந்திருக்காது. அப்போது அவர் என்னை நகரச் சொல்லி, கடைசியில் மிச்சமிருந்த அந்த ஒரு பலகையையும் ஆட்டிப் பார்க்கக் குனிந்தார். கோப்பையைப் பார்த்தார்.

நான் வாயைத் திறந்தேன். பெட்டிப் பலகை, படப்பை, பிடுங்கினால் பிளந்துவிடும் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன்.

அவர் சிரித்துவிட்டார். அவர் சிரித்து நான் அப்போதுதான் பார்த்தேன். "இதுக்கு என்ன அர்த்தம்னு தெரியுமாக்கா? உள்ள இருக்கறது சீக்கிரம் உடைஞ்சிடும், பார்த்துக் கையாளுங்கன்னு அர்த்தம்." பலகையை ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை. "சரியான இடத்துலதான் இருக்கு. இதை எடுக்காதீங்க."

என் வீட்டுக்காரர் அன்று முழுக்க தான் பாதியாகக் கொண்டுவந்ததால்தான் எல்லாம் சரியாக வந்தது, உயரமாகப் போட்டிருந்தால் இந்தம்மா ஒத்துக்கொண்டிருக்குமா என்று பேசிக்கொண்டே இருந்தார். நான், ஐம்பத்தாறு சொன்னேன், ஐம்பத்தாறுதான் நிற்கிறது, எண்ணிப் பாருங்கள் என்றேன். இந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

திங்கட்கிழமை காலை ஆபீஸ் போகிற வழியில் அந்த அம்மா குழந்தையைக் கொண்டுவந்து விட்டார். கூடவே ஒரு பை. பையல்ல, மூட்டை. சாயங்காலம் வரைக்கும்தான் குழந்தை இருக்கப்போகிறது. நான் ஒவ்வொன்றாக வெளியே எடுத்தேன். மாற்று உடுப்புகள் ஒரு அடுக்கு. மூன்று டப்பாவில் பருப்புச் சோறு. இரண்டு தண்ணீர் பாட்டில், அது போதாவிட்டால் என்று ஒரு மூன்றாவது. மழைக்கு ஒரு தொப்பி, வெயிலுக்கு ஒரு தொப்பி. துண்டுகளை நான் எண்ணவில்லை.

"அதிகமா இருக்கோக்கா?" என்று கேட்டார். கண் கலங்கியிருந்தது. கால் வாசலில் ஒன்றும் தெருவில் ஒன்றுமாக இருந்தது. "பாதியை வேணா எடுத்துட்டுப் போகட்டுமா?"

"எல்லாம் இருக்கட்டும்" என்று அலமாரியில் ஒரு தட்டை முழுவதுமாகக் காலி செய்து அடுக்கினேன்.

அவர் தெருமுனை வரை போனார். அப்புறம் திரும்பி வந்தார். வேலிக்கு வெளியே நின்று, மேலாக எட்டிப் பார்த்தார். குழந்தை வேப்பமரத்தடியில் தேங்காயை உருட்டிக்கொண்டிருந்தாள். அது பலகையில் முட்டி நின்றது. அவர் போய்விட்டு மறுபடியும் வருவார் என்று எனக்குத் தெரியும். அதனால் நான் அங்கேயே நின்றேன்.